கிராமப் பள்ளியும் திருநங்கை மாணாக்கரும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்தைச் சேர்ந்த கூவாகம் என்னும் சிற்றூரின் பெயரைக் கேள்வியுறாதார் தமிழ்நாட்டில் மிகச் சிலரே ஆவர். ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலில் பதினெட்டு நாள் விழா நடைபெறுகிறது. பாரதப் போரில் பாண்டவரின் வெற்றிக்காகத் தன்னைக் களப்பலியாகக் கொடுக்க இசைந்த அரவானை, மோகினி வடிவம் கொண்ட கண்ணன் மணந்தான் என்பது கதை. அக்கதையைத் தம் கதையாகக் கொண்டு, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் திருநங்கையர் அங்கு வந்து கூடுகின்றனர். முழுநிலவு நாளன்று கோயிற் பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் அரவான் பலியானதும் தாலியை அறுத்து, வெள்ளையுடுத்து, ஒப்பாரி வைக்கின்றனர். சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்த ஆடவரும் சிறுவரும்கூட வேண்டுதலின் பொருட்டு அங்கே தாலி கட்டிக்கொள்வதுண்டு.

ஆகவே திருநங்கையர் என்போர் இம்மாவட்டத்து மக்களுக்குப் புதியவர் அல்லர். கடை வைப்போரும், வண்டி ஓட்டுவோரும், விழாவுக்கு வந்தவர்க்கு நீரும் நிழலும் தருவோரும் இவ்வூர் மக்களே. ஆயினும் விழாப் பந்தல் பிரிக்கப்பட்ட பின்னர், இதே மாவட்டத்தில் ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ படிக்கும் ஒரு பிள்ளை தன்னை அவ்வாறு உணரத் தொடங்குமாயின், அப்பிள்ளைக்குப் பள்ளியில் என்ன இடம் கிடைக்கிறது? கோயில் வாயிலில் கிடைக்கும் இடம் பள்ளி வாயிலிலும் கிடைக்கிறதா? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். பஞ்சாயத்துத் தலைவர்களும், பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களும், ஆசிரியப் பெருமக்களும் இதைத் தம் அலுவலுக்குப் புறம்பானதெனக் கருதலாகாது.

2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்னும் இரு பிரிவுகளோடு ‘மற்றவர்’ என்ற பிரிவும் கணக்கிடப்பட்டது. நாடு முழுவதிலும் 4,87,803 பேர் அப்பிரிவில் பதிவாயினர். தமிழ்நாட்டில் 22,364 பேர். இவர்களுள் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 56 பேரே. நாட்டு மக்கள் அனைவரையும் சேர்த்துக் காணும்போது அவ்வளவு நூற்றுக்கு 74 ஆகும். இடையிலுள்ள பள்ளம் சிறிதன்று. இன்னொரு எண்ணும் நம் கவனத்துக்கு உரியது. ஆறு வயதும் அதற்குட்பட்டதுமான குழந்தைகளுள் 54,854 பேரை அக்கணக்கெடுப்பு இப்பிரிவில் காட்டிற்று. கணக்கெடுக்க வந்தவரிடம் வீட்டுப் பெரியவர்கள் கூறிய விடையைக் கொண்டே இவ்வெண் அமைந்தது. பள்ளியில் சேரும் வயதிற்கு முன்னரே இத்தகைய குழந்தைகள் குடும்பங்களில் இருக்கின்றனர் என்பதைப் பெற்றோரே ஒப்புக்கொண்டுள்ளனர் என்று இதற்குப் பொருள்.

பால் வேறு, பால் அடையாளம் வேறு

குழந்தை பிறந்தவுடன் உடலுறுப்பை நோக்கி ஆண் என்றோ பெண் என்றோ எழுதிவிடுகிறோம். பெரும்பாலோர்க்கு அந்த எழுத்தும் அவர்கள் உள்ளத்தில் தம்மைப் பற்றி உணர்வதும் ஒத்துப்போகின்றன. சிலருக்கு ஒத்துப்போவதில்லை. ஆணென்று எழுதப்பட்டுப் பெண்ணாகத் தம்மை உணர்வோரைத் திருநங்கையர் என்றும், பெண்ணென்று எழுதப்பட்டு ஆணாக உணர்வோரைத் திருநம்பியர் என்றும் இக்காலத்தில் வழங்குகிறோம். இருசாராரையும் சேர்த்துத் திருநர் என்பர். இவர்களன்றி, பிறக்கும்போதே உடலமைப்பில் ஆண் பெண் கூறுகள் கலந்து காணப்படும் குழந்தைகளும் உண்டு. அது வேறு நிலை. அத்தகைய சிசுக்களுக்கு உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி அவசரப்பட்டு அறுவைச் சிகிச்சை செய்தல் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பளிக்க, அவ்வாண்டே தமிழக அரசு அதனைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தது.

இது நோயா என்று கேட்போர் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், மனநோய்ப் பட்டியலிலிருந்து இந்நிலையை நீக்கிவிட்டது. இதை மாற்றுவதாகக் கூறிச் சிகிச்சை அளிப்பது மருத்துவத் தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அறிவித்தது. ஆதலால் பிள்ளையை மந்திரிக்க அழைத்துச் செல்வதும், வேப்பிலை அடிப்பதும், ஊசி போட்டுத் திருத்தித் தருகிறோம் என்பவரிடம் பணத்தைக் கொட்டுவதும் பயனற்றவை; பிள்ளையின் உள்ளத்தைப் புண்படுத்துபவையுமாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தங்கையோடு பாண்டி ஆடுகிற சிறுவனையும், மரமேறுகிற சிறுமியையும் கண்டவுடன் இவ்வாறு பெயர் சூட்டுவது அறியாமையாகும். விளையாட்டு வேறு, அடையாளம் வேறு. பிள்ளை தானே சொல்லும்வரை பொறுத்திருப்பதும், சொன்னபோது செவிமடுப்பதுமே மூத்தோர் செய்யத்தக்கது. தமிழருக்கு இது புதிய செய்தியும் அன்று. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்களைத் தொல்காப்பியம் உயர்திணையிலேயே வைத்து, அவற்றுக்கு வினைமுடிபும் வகுக்கிறது. இலக்கணம் கொடுத்த உயர்திணையை வகுப்பறை கொடுக்கத் தயங்குகிறது என்பதுதான் விந்தை.

பள்ளியை விட்டு நீங்குவது எவ்வாறு?

எந்தப் பள்ளியும் இத்தகைய பிள்ளையை ‘வெளியே போ’ என்று எழுதிக் கொடுப்பதில்லை. பிள்ளை சிறிது சிறிதாக வெளியே தள்ளப்படுகிறது. தமிழ்நாட்டுச் சிறுவரிடையே ‘ஒன்பது’ என்னும் எண்ணைச் சொல்லி ஏளனம் செய்யும் இழிந்த வழக்கம் ஒன்று உண்டு. வகுப்பில் ஒன்பதாம் வாய்பாடு ஒப்புவிக்கப்படும்போது பிற பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பர். ஆசிரியரும் உடன் நகைத்துவிடுவாரேயானால் அன்றோடு அப்பிள்ளைக்குக் கணக்குப் பாடம் முடிந்தது. அடுத்துக் கழிப்பறை. ஆண்பிள்ளைகளுக்குரிய இடத்தில் நுழைந்தால் அடியும் சீண்டலும். பெண்பிள்ளைகளுக்குரிய இடத்திலோ நுழைய அனுமதியில்லை. ஆகவே காலை முதல் மாலைவரை தண்ணீர் குடியாமலே இருந்து பழகுகின்றனர். உடற்பயிற்சி வகுப்பில் ஆண் வரிசை, பெண் வரிசை. ஆண்டு விழாவில் ஆண் வேடம், பெண் வேடம். முடி நீண்டால் தலைமை ஆசிரியர் அறை. பதின்மூன்று, பதினான்கு வயதில் உடலும் குரலும் மாறும்போது இவை யாவும் ஒன்றுசேர்ந்து அழுத்துகின்றன. வருகை குறைகிறது; பிறகு ஒருநாள் பேருந்து ஏறிவிடுகிறது. அப்பிள்ளை இறங்கும் பெருநகரில் அதற்குக் காத்திருப்பவை கையேந்துதலும் அதனினும் கொடியவையுமே. பள்ளிப் பதிவேட்டில் ‘இடைநின்றவர்’ என்ற ஒரு சொல் எழுதப்பட்டுக் காரணம் எழுதப்படாமல் போகிறது.

கல்வராயன் மலையில் இத்துன்பம் மேலும் கூர்மையடைகிறது. கச்சிராயபாளையம் கடந்து மலையேறினால் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு முதலிய ஊர்கள் வருகின்றன. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் 1976-ஆம் ஆண்டு வரை ஜாகீர்தாரர் ஆட்சியின்கீழ் இருந்தவர்கள். சாலையும் பள்ளியும் சமவெளிக்கு வந்த பல ஆண்டுகளுக்குப் பின்னரே இவர்களிடம் வந்தன. 2024-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, அடிப்படை வசதிகளைப் பற்றி அரசாங்கத்திடம் வினவியதை வாசகர்கள் அறிவர்.

மலைப் பிள்ளைகள் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கின்றனர். பெற்றோர் வேலை தேடி வெளியூர் செல்லும் மாதங்களில் விடுதியே அவர்களுக்கு வீடு. சமவெளியில் பகற்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மாலை நான்கு மணிக்கு ஏளனத்திலிருந்து விடுதலை உண்டு. உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அதுவும் இல்லை. குளிப்பதும் உறங்குவதும் அதே பிள்ளைகளோடுதான். ஆண் பெயரில் பதிவான, ஆனால் தன்னைப் பெண்ணாக உணரும் பிள்ளை ஆண்பிள்ளைகளின் கூடத்தில் படுத்துறங்க நேரும்போது விளையக்கூடிய கேடு சொல்லாமலே விளங்கும். அப்பள்ளியை விட்டால் அருகில் வேறு பள்ளியும் இல்லை. எனவே மலையில் இடைநிற்றல் என்பது கல்வியின் முடிவாகவே ஆகிவிடுகிறது.

சட்டம் சொல்வது யாது?

இத்துறையில் தமிழ்நாடு பிற மாநிலங்களுக்கு முன்னே நடந்தது என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடலாம். 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் பிறப்பித்த ஆணையிலேயே, இவர்களைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சேர்க்க மறுத்தலாகாது என்று நம் அரசு கூறிவிட்டது. 2008 ஏப்ரல் 15 அன்று நல வாரியம் அமைக்கப்பட்டது. தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் கல்வி உரிமைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது, அப்பிரிவினருள் திருநங்கைக் குழந்தைகளையும் தமிழ்நாடு சேர்த்தது.

2014 ஏப்ரல் 15 அன்று, அதாவது நல வாரியம் பிறந்த அதே தேதியில், உச்ச நீதிமன்றத்தின் பெருந்தீர்ப்பு வெளிவந்தது. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த அவ்வழக்கில் நீதிபதிகள் கே. எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ. கே. சிக்ரியும், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அரசியலமைப்பு வழங்கிய சமத்துவம், கண்ணியம் ஆகியவற்றின் பாற்பட்டது என்று கூறினர். அதன் பின்னர் 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறி, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசாங்கத்தின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற எந்தக் கல்வி நிலையமும் இம்மாணாக்கருக்குக் கல்வி, விளையாட்டு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் பிறரோடு சமமான வாய்ப்பளிக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு விதித்தது. திருநர் என்ற காரணத்துக்காகக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலாகாது என்று 12-ஆம் பிரிவு கூறிற்று. அதே பிரிவின்படி அக்குழந்தையை வீட்டை விட்டு வெளியேற்றவும் ஒருவருக்கும் உரிமையில்லை. இச்சட்டத்தைத் திருநர் அமைப்புகள் பல கோணங்களில் குறை கூறின. குற்றங்களுக்கான தண்டனை போதாது என்பது அவற்றுள் ஒன்று. அக்குறையில் உண்மை உண்டென்றே நாம் கருதுகிறோம். ஆயினும் கல்வியைப் பற்றிய பிரிவு தெளிவானது. தலைமை ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கத்தக்கது.

பள்ளிகளைப் பொறுத்தமட்டில் மிகப் பயனுள்ள கட்டளைகள் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தன. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தம் ஆணையில், பால் வேறுபாடு குறிக்காத கழிப்பறை, கல்விச் சான்றுகளில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ள வழி, சேர்க்கை விண்ணப்பங்களில் மூன்றாவது கட்டம், இவற்றை உணர்ந்த ஆலோசகர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் பெற்றோருக்கு விளக்கம் ஆகியவற்றை எடுத்துரைத்தார். அவ்வாண்டு நவம்பரில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு ஆசிரியர்களுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்தவுடன் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. கையேடு போயிற்று, கையேடு எழுதவேண்டியிருந்த காரணம் போகவில்லை.

செலவின்றிச் செய்யத்தக்கவை

சட்டங்களைச் சென்னையிலும் டில்லியிலும் இயற்றலாம். கழிப்பறைத் தாழ்ப்பாளைப் போடவேண்டியவர் உள்ளூர்க்காரர். ஊராட்சி ஒன்றியப் பள்ளியாயினும் உயர்நிலைப் பள்ளியாயினும், கழிப்பறைகளுள் ஒன்றைத் தனி அறையாக்கி, உள்தாழ்ப்பாள் இட்டு, எந்தப் பிள்ளையும் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. ‘திருநங்கையருக்கு மட்டும்’ என்று பலகை மாட்டுவது வேண்டா. அப்பலகை உதவியாவதைவிடச் சுட்டுவிரலாகவே ஆகும். உடல் ஊனமுற்ற பிள்ளைக்கும், மாதவிலக்கான சிறுமிக்கும், வயிற்றுக் கோளாறுள்ள குழந்தைக்கும் அவ்வறை பயன்படுமன்றோ?

சீருடையைப் பற்றிக் கேரளம் ஒரு வழி காட்டியிருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டத்து வளையன்சிறங்கர அரசு தொடக்கப் பள்ளியில் 2018 முதல் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை அனைவருக்கும் ஒரே வகையான சட்டையும் முழங்கால்வரை கால்சட்டையும் சீருடையாயின. பெண்பிள்ளைகள் ஓடியாட எளிதாக இருக்கட்டும் என்பதே அதன் நோக்கம். திருநர் பிள்ளைகளைக் கருதி அது தொடங்கப்படவில்லை. எனினும் அத்தகைய பள்ளியில் எந்தப் பிள்ளைக்கும் உடை ஒரு தண்டனையாகாது. நம் கிராமங்களில் உடனே அவ்வாறு செய்ய இயலாவிடினும், முடி வெட்டும் விதியைத் தளர்த்துவதற்குத் தலைமை ஆசிரியரின் மனம் ஒன்றே போதும்.

பெயர் விஷயமும் அப்படித்தான். சேர்க்கைப் பதிவேட்டில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற உரிய முறைகள் உண்டு. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளையை அது விரும்பும் பெயரால் அழைப்பதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ‘சின்னப் பொண்ணு’ என்றும் ‘குட்டி’ என்றும் வீட்டுப் பெயரால் எத்தனை பிள்ளைகளை ஆசிரியர்கள் அழைத்து வருகின்றனர்! பிள்ளை தனிமையில் ஆசிரியரிடம் சொன்னதை ஆசிரியர் ஓய்வறையில் பேச்சுப் பொருளாக்காமை இதனினும் முக்கியமானது.

விடுதியில் பொதுவிதி ஒன்றை இங்கிருந்தே எழுதிவிட இயலாது. பிள்ளையையே கேட்டறிந்து, விடுதிக் காப்பாளரின் அறைக்கு அருகில் இரண்டு மூன்று நல்ல தோழர்களோடு படுக்கையிடம் தருவதும், குளிக்கத் தனி நேரமோ தனி அறையோ தருவதும் நடைமுறைக்கு ஏற்றவை. பாதுகாப்பு என்ற பெயரில் பிள்ளையைப் பண்டக அறையில் தனியே படுக்கவைப்பது பாதுகாப்பாகாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் பால் வேறுபாடின்றிக் காக்கிறது என்பதைக் காப்பாளர் நினைவிற் கொள்ளவேண்டும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும், 14417 என்னும் கல்வி உதவி எண்ணையும் விடுதிச் சுவரில் பெரிதாக எழுதிவைப்பது நலம்.

பெற்றோர் சிலர், ‘எங்கள் பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு என்னாவது?’ என்று கேட்கின்றனர். அக்கேள்வியைப் புறக்கணித்தல் தகாது. பெண்பிள்ளைக்கு வேண்டிய பாதுகாப்பு, உள்ளே தாழிடக்கூடிய கதவும், வெளிச்சமும், புகாரைக் கேட்கும் ஆசிரியையுமே ஆகும். திருநங்கைப் பிள்ளைக்கு வேண்டியவையும் அவையே. ஒருத்தியின் கதவை மற்றொருத்திக்காகக் கழற்றவேண்டியதில்லை. ‘சிறுபிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா, பிறகு மாறிவிட்டால்?’ என்பது வேறொரு கேள்வி. மாறினால் மாறட்டும். அழைக்கும் பெயரிலும் உடையிலும் நாம் காட்டிய அன்பினால் எந்தக் கேடும் விளைந்திராது. உடலை மாற்றும் சிகிச்சை என்பது பள்ளியின் அலுவலே அன்று.

ஊர் மக்களிடம் இதைப் பேசப் பள்ளி மேலாண்மைக் குழுவைவிட ஏற்ற இடம் இல்லை. அதன் தலைவர் பெற்றோருள் ஒருவர். உறுப்பினருள் பலர் தாய்மார். கூவாகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் விழாக் குழுவினரையும் அக்கூட்டத்துக்கு அழைக்கலாம் என்பது நம் யோசனை. திருநங்கையரோடு ஆண்டுதோறும் பழகியவர் சொல்லுக்கு, வெளியூர்ச் சொற்பொழிவாளரின் சொல்லைவிட ஊரில் மதிப்பு அதிகம்.

படித்தால் என்ன ஆவர் என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்ல விடையும் உண்டு. கே. பிரித்திகா யாஷினி நீதிமன்றம் வரை சென்று போராடி, 2017-இல் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியில் அமர்ந்தார். மதுரையில் பிறந்து தஞ்சை மரபு நாட்டியத்தில் தேர்ந்த நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். உயர்கல்வி பயில விரும்பும் திருநங்கையரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. கல்லூரி மாணாக்கருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 2025-இல் இவர்களுக்கு விரிவாக்கப்பட்டன. மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டுத் திட்டமொன்றில் ஒன்பதாம் வகுப்பு முதலே உதவித்தொகைக்கு வகை செய்யப்பட்டது. ஆனால் இவ்வுதவிகளைப் பெறப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பை எட்டவேண்டும், பின்னர் பன்னிரண்டாம் வகுப்பைக் கடக்கவேண்டும். எட்டாம் வகுப்பிலேயே ஏளனத்துக்கு அஞ்சி நீங்கியவருக்குக் கல்லூரிக் கட்டணச் சலுகையால் என்ன பயன்?

அடையாளச் சான்றிதழ் பெற விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கான அதிகாரத்தை மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைத்தது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்கவும் இடமளித்தது. அச்சான்றைக் கொண்டு மாற்றிக்கொள்ளத்தக்க ஆவணங்களுள் பள்ளிச் சான்றுகளையும் 2020-ஆம் ஆண்டின் விதிகள் சேர்த்தன. விண்ணப்ப முறைகள் அவ்வப்போது திருத்தப்படக்கூடியவை. ஆதலால் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒருநாள் கூலியை இழந்து வருவோர், புறப்படுமுன் மாவட்ட சமூக நல அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, அன்றைக்கு நடப்பிலுள்ள முறை யாது, எந்தெந்தத் தாள்கள் வேண்டும் எனக் கேட்டுக்கொள்ளுதல் நன்று. ஆதார் அட்டை, பிறப்புச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று ஆகியவற்றின் நகல்களைத் தலைமை ஆசிரியரே எடுத்துக் கொடுத்தனுப்பினால் இரண்டாம் முறை மலையிறங்க வேண்டியிராது.